சிமுலேட்டரில் விமானி என்ன கற்றுக்கொள்கிறார்?

போயிங் 737 ஓட்டிக்கொண்டிருந்த அனுபவசாலி விமானி ஒருவர் ஏர்பஸ் ஏ320-க்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான ஏ320-ஐ அவர் முதன்முதலாகக் கையில் எடுக்கும் நாளில், பின்னால் நூற்றைம்பது பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பல நாடுகளின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்சி கேப்டன் இருப்பார், அது உண்மை. ஆனால் அதற்கு முன் காலி விமானத்தில் ஒரு சுற்றுகூட இவர் வந்திருக்க வேண்டியதில்லை.

கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த நாளுக்கு முன்பே அவர் ஏ320-ஐ பலமுறை ஏற்றி இறக்கியிருப்பார். எஞ்சின் எரிந்திருக்கும், விமானத்தைத் திருப்பும் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் போயிருக்கும், மூடுபனியில் ரன்வே கடைசி நொடியில்தான் தெரிந்திருக்கும். எல்லாம் ஒரு கட்டடத்துக்குள், ஆறு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைக் கூண்டுக்குள். அதைத்தான் முழுப் பறப்பு சிமுலேட்டர் என்கிறார்கள். விமானிகள் பேச்சில் வெறும் ‘சிம்’.

சிமுலேட்டர் என்றதும் பலருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவு உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். பயிற்சி நிலையங்களில் இருப்பவற்றிலும் பல படிகள் உண்டு. சில அசையவே அசையாது. காக்பிட்டின் பொத்தான்களும் திரைகளும் மட்டும் இருக்கும், எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று பழக அது போதும். மேல்படியில் இருப்பது லெவல் டி. அதன் உள்ளே உட்கார்ந்தால் சுவிட்ச், நெம்புகோல், இருக்கை, இரைச்சல் எல்லாம் அந்த ரக விமானத்தில் உள்ளபடியே இருக்கும். கூண்டு அசையும், வெளியே உலகம் தெரியும். ஒன்றின் விலை கோடி டாலர் கணக்கில் என்பதால் முதலாளிகள் அதைச் சும்மா நிற்க விடுவதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குக்கூட யாராவது ஒருவர் அதற்குள் எஞ்சின் தீயை அணைத்துக்கொண்டிருப்பார்.

ஆர்கன் பட்டறையில் பிறந்தது

இதன் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் இருந்தார். அப்பாவுக்கு பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. மகனுக்கோ விமானப் பைத்தியம். விமானம் கற்கும் செலவு கையைக் கடித்ததால், தரையிலேயே கற்க வழி தேடினார். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகள் கையருகே இருந்தன. அவற்றின் மேல் குட்டையான இறக்கை வைத்த ஒரு சிறு விமானப் பெட்டியை ஏற்றினார். குச்சியை அசைத்தால் துருத்திகளில் காற்று ஏறி இறங்கி, பெட்டி சாயும், திரும்பும். 1929-இல் இது தயாரானது. விமானப் பள்ளிகள் சட்டை செய்யவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின.

நிலைமை மாறியது 1934-இல். அஞ்சல் விமானங்களை ஓட்டும் பொறுப்பு திடீரென்று அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் வந்தது. குளிர்காலம், இரவு, மேகம். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அந்த விமானிகளில் பெரும்பாலோருக்கு இல்லை. சில வாரங்களிலேயே பல பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கின் பெட்டிகளில் ஆறை, ஒன்று 3,500 டாலர் விலையில் வாங்கியது. பெட்டிக்கு மூடி போட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது, கருவிகள் மட்டும்தான். கருவிப் பறப்பு கற்க அதுதானே வேண்டும்! இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டு விமானிகள் லட்சக்கணக்கில் அந்த நீலப் பெட்டியில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டி நிஜ விமானம்போல் பறந்தது என்று யாரும் சொல்லவில்லை. கற்பிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், அதற்கு எது தேவையோ அது மட்டும் அதில் இருந்தது. இன்றைய கோடி டாலர் கூண்டையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

உடம்பை ஏமாற்றும் வித்தை

கூண்டு நகர இடம் சில அடிகள்தான். ஆனால் நிஜத்தில் ஒரு ஜெட், ரன்வேயில் இரண்டு கிலோமீட்டர் ஓடி எழும்புகிறது. அவ்வளவு நேரம் முதுகை இருக்கையோடு அழுத்தும் உணர்வை சில அடிக்குள் எப்படிக் கொடுப்பது?

நம் உள்காதில் இருக்கும் உறுப்புகளுக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். சீரான வேகத்தில் போகும் விமானத்தில் கண்ணை மூடினால் நகர்வதே தெரியாமல் இருப்பது அதனால்தான். இன்னொரு பலவீனமும் உண்டு: முன்னோக்கி வேகம் கூடுவதையும், பின்பக்கம் சாய்வதையும் காதால் மட்டும் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் முதுகில் அதே அழுத்தம்தான். வித்தியாசம் சொல்வது கண்.

சிமுலேட்டர் இந்த ஓட்டையில் புகுந்து விளையாடுகிறது. டேக் ஆஃப் தொடங்கியதும் கூண்டு முதலில் முன்னோக்கி ஒரு தள்ளு தள்ளுகிறது. அப்புறம் உணர முடியாத மெதுவில் பின்பக்கம் சாய்கிறது. இப்போது முதுகை அழுத்துவது புவியீர்ப்பு. ஆனால் ஜன்னலில் தெரியும் தொடுவானம் மட்டம் மாறாமல் இருக்கிறது, ரன்வே விளக்குகள் பின்னோக்கிப் பாய்கின்றன. கண் சொல்வதை மூளை நம்பிவிடுகிறது: வேகம் கூடுகிறது. பிரேக் போட்டால் கூண்டு முன்பக்கம் சாயும். ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும் கூண்டு திருட்டுத்தனமாக, நமக்குத் தெரியாத வேகத்தில் நடுவுக்குத் திரும்பி அடுத்த அசைவுக்கு இடம் செய்துகொள்கிறது. வெளியே நின்று பார்த்தால், உள்ளே நடப்பதற்கும் கூண்டு ஆடுவதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும்.

இந்த ஆறு கால் மேடைக்கும் ஒரு முன்கதை உண்டு. எரிக் காஃப் என்பவர் டன்லப் நிறுவனத்தில் டயர்களைச் சோதிக்க 1950-களில் இப்படி ஒரு மேடையை உருவாக்கினார். 1965-இல் ஸ்டுவர்ட் என்ற பொறியாளர் பறப்புப் பயிற்சிக்கான மேடை பற்றிக் கட்டுரை எழுத, பெயர் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அது ‘ஸ்டுவர்ட் மேடை’தான். காஃப் பாவம்.

ஜன்னலிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. காட்சியைக் கண்ணுக்கு அருகே ஒரு திரையில் காட்டினால், இடது இருக்கையில் இருப்பவருக்கு நேராகத் தெரியும் ரன்வே, வலது இருக்கையில் இருப்பவருக்குக் கோணலாகத் தெரியும். அதனால் படத்தை ஒரு பிரம்மாண்டமான வளைந்த கண்ணாடியில் பிரதிபலிக்க வைக்கிறார்கள். ஒளிக்கதிர்கள் இணையாக வந்து விழுவதால் காட்சி கிலோமீட்டர்களுக்கு அப்பால் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் ரன்வே நேராகவே தெரியும்.

எஞ்சினை அணைத்துப் பார்ப்பது

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏமாற்றுவது எதற்கு? நிஜ விமானத்தில் பழகினால் ஆளைக் கொல்லக்கூடிய ஒன்றைப் பழகுவதற்கு.

வி1 என்று ஒரு வேகம் உண்டு. ரன்வேயில் ஓடும்போது அந்த வேகம் வரைக்கும் ஏதாவது கெட்டால் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் மிச்ச ரன்வேயில் நிற்க முடியாது. கெட்டது எஞ்சினே ஆனாலும் எழும்பியே ஆக வேண்டும். சரியாக அந்த இடத்தில் ஒரு எஞ்சின் போனால் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் விமானிகளின் தலையாய பயிற்சி.

இடது எஞ்சின் போனால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது காலால் ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையை இயக்கும் மிதி) மிதித்து நேராக்க வேண்டும், அதுவும் அளவாக. மூக்கை அவசரமில்லாமல் தூக்க வேண்டும். ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு குறைந்தது 400 அடி வரை வேறெதையும் தொடக் கூடாது. எச்சரிக்கை மணி காதைப் பிளக்கும், சிவப்பு விளக்கு எரியும், கை பரபரக்கும். ஆனாலும் முதலில் விமானத்தை ஓட்டு, மற்றது அப்புறம். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள பத்து நிமிடம் போதும். காலுக்குத் தெரிய வைக்கத்தான் சிம்.

முன்பெல்லாம் இதை நிஜ விமானத்திலேயே பழகினார்கள். 1994 மார்ச் 8 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்தில் சஹாரா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று பயிற்சிச் சுற்றில் இருந்தது. எழும்பும்போது எஞ்சின் போனதாகப் பாவித்து ஒரு பயிற்சி. கற்பவர் தவறான பக்கத்து ரட்டரை மிதித்துவிட்டார். விமானம் திரும்பிச் சரிந்து விழுந்து, நின்றிருந்த ரஷ்ய ஏரோஃப்ளோட் விமானத்தின் மீது மோதியது. விமானத்தில் இருந்தவர்கள், தரையில் இருந்தவர்கள் என ஒன்பது பேர் இறந்தார்கள்.

அதே தவறு சிம்மில் நடந்தால் திரை சிவக்கும், அல்லது எல்லாம் உறைந்து நிற்கும். இன்ஸ்ட்ரக்டர் பின்னால் இருந்து, “எந்தக் கால்?” என்று கேட்பார். ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் மீண்டும் ரன்வே முனையில். ஒரு மணி நேரத்தில் இதை ஏழெட்டுத் தடவை செய்துவிடலாம். நிஜத்தில் ஒரு தடவைக்கே சுற்றி வர வேண்டும், எரிபொருள் வேண்டும், வானிலை வாய்க்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் சிம் விடாது. விமான நிறுவன விமானிகள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் ஏறித் தேர்வு கொடுக்க வேண்டும். தேறாவிட்டால் மறுபயிற்சி முடியும் வரை பயணிகளோடு பறக்க முடியாது. இருபது வருட கேப்டனும் முந்தின நாள் ராத்திரி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கூண்டுக்குத் தெரியாதவை

இதையெல்லாம் கேட்டு, சிமுலேட்டர் எல்லாம் அறிந்த இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் இருப்பது கணக்கு. விமானம் தயாரித்த நிறுவனம் நிஜமாகப் பறக்கவிட்டு அளந்த எண்களை வைத்துத்தான் அது ஓடுகிறது. அளந்த எல்லைக்குள் அது சொல்வதை நம்பலாம். எல்லைக்கு வெளியே அது வெறும் ஊகம், ஆனால் அதே அழகான ஜன்னல் காட்சியோடு வரும் ஊகம். அதுதான் ஆபத்து.

விமானம் தாங்குதிறனை இழந்து விழும் நிலை, அதாவது ஸ்டால், நல்ல உதாரணம். பயணிகள் விமானத்தை முழு ஸ்டாலில் நீண்ட நேரம் வைத்து அளக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? அதனால் பழைய சிம்களில் அந்தப் பகுதி மங்கலாகவே இருந்தது. விமானிகளும் ஸ்டால் நெருங்கும் எச்சரிக்கை வரை மட்டுமே பழகினார்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் விமானமும், அதே ஆண்டு ஜூன் 1-இல் அட்லாண்டிக்கில் ஏர் பிரான்ஸ் 447-உம் ஸ்டாலில் விழுந்தன. இரண்டிலும் சேர்த்து 278 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் சிம்மின் கணக்கை ஸ்டாலுக்குள்ளும் நீட்டி, முழு ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. அப்போதும் ஒரு குறை நிற்கிறது. மீளும்போது உடம்பு இரண்டு மடங்கு கனப்பதை எந்த ஆறு கால் மேடையாலும் காட்ட முடியாது. அதற்கு நிஜமான சிறு விமானத்தில்தான் ஏற வேண்டும்.

தப்பாகக் கற்பிப்பது கற்பிக்காமல் விடுவதைவிட மோசம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்தது. முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியபோது, துணை விமானி ரட்டரை மாறி மாறி முழு வீச்சில் மிதித்தார். வால் துடுப்பு முறிந்து போனது. அந்த நிறுவனத்தின் சிமுலேட்டர் பயிற்சி ஒன்றில் காற்றுச் சுழலின் தாக்கத்தை அளவுக்கு மீறிக் காட்டியிருந்தார்கள். சுழல் என்றால் விமானமே கவிழ்ந்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு அதனால் வந்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. அந்த விபத்தில் 265 பேர் இறந்தார்கள்.

போயிங் 737 மேக்ஸ் விஷயம் இன்னொரு வகை. பழைய 737 ஓட்டியவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சியே தேவைப்படாது என்பதை போயிங் ஒரு விற்பனைச் சலுகையாகவே வைத்திருந்தது. பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது. 2018, 2019-இல் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் மாண்ட பிறகு, மேக்ஸுக்கான சிமுலேட்டரிலேயே குறை இருந்ததும் வெளியே வந்தது. வால் இறக்கையின் கோணத்தை மாற்றும் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது சில நிலைகளில் அது எவ்வளவு கனக்கும் என்பதை அது சரியாகக் காட்டவில்லை. அந்த இரண்டில் ஒன்றான எத்தியோப்பிய விமானத்தில் விமானிகள் போராடியது அந்தச் சக்கரத்தோடுதான். என்னைக் கேட்டால், சிமுலேட்டரின் அருமையைச் சொல்ல இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம்.

கூண்டால் தர முடியாத இன்னொன்று, எதிர்பாராத அதிர்ச்சி. சிம்மில் உட்காரும் எவருக்கும் தெரியும், இன்றைக்கு ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று. 2009 ஜனவரி 15-இல் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் போன ஏ320-ஐ கேப்டன் சல்லன்பர்கர் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். விசாரணையில் விமானிகளை சிம்மில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மோதிய உடனே திரும்பியவர்களில் சிலர் விமான நிலையத்தை எட்டினார்கள். என்ன நடந்தது என்று புரிய, முடிவெடுக்க 35 நொடி சேர்த்தபோது எட்ட முடியவில்லை. அந்த 35 நொடி சிம்மில் இருப்பவருக்குத் தேவைப்படாது. அவருக்குத்தான் முன்கூட்டியே தெரியுமே.

ஆனால் ஆர்வம் ஒருவரை எங்கே கொண்டு நிறுத்தும் என்று சொல்ல முடியாது. 1985-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஹைட்ராலிக் அனைத்தையும் இழந்து விழுந்தது. அந்த நிலையில் எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே திருப்ப முடியுமா என்று அமெரிக்காவில் டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி சிமுலேட்டரில் முயன்று பார்த்தார். யாரும் கேட்காமல், தானாக. 1989 ஜூலை 19 அன்று அவர் பயணியாக ஏறியிருந்த யுனைடெட் 232-இல் அதே நிலை வந்தது. அவர் காக்பிட்டுக்குப் போய் எஞ்சின் நெம்புகோல்களான த்ராட்டில்களைக் கையில் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் சூ சிட்டியில் விமானம் உடைந்து தீப்பிடித்தாலும், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பிறகு அதே நிலையைச் சிமுலேட்டரில் வைத்துப் பலர் முயன்றார்கள். பத்திரமாக இறக்குவது நடைமுறையில் முடியாது, இதைப் பயிற்சியாகக் கற்பிக்கவும் இயலாது என்பதே விசாரணையின் முடிவு.

வீட்டு மேசையில்

இனி, வீட்டுக் கம்ப்யூட்டர். ப்ரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் முதலில் வந்தது 1982-இல். கோடுகளால் ஆன உலகம். 2020-இல் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான பூமி முழுவதும் இருக்கிறது. சென்னையில் இரண்டாவது ரன்வே அடையாற்றைப் பாலமாகத் தாண்டுவதைக்கூட மேலிருந்து பார்க்கலாம். எக்ஸ்-பிளேன் இன்னொரு தேர்வு. செலவே வேண்டாம் என்றால் ஃப்ளைட்கியர் இலவசம்.

வீட்டில் பழகிய மணி நேரம், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஏறாது. ஆனால் கருவிகளை வரிசையாகப் பார்க்கும் பழக்கம், வரைபடம் படிப்பது, செக்லிஸ்ட் ஒழுங்கு, ரன்வேயை நோக்கி எந்த உயரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு, இவை நன்றாகவே வரும். வாட்சிம் போன்ற வலையமைப்பில் சேர்ந்தால் மறுமுனையில் நிஜ மனிதர்கள் கட்டுப்பாட்டு அறையாக இருந்து பேசுவார்கள். ரேடியோவில் வாய் குழறும் பயம் போக அதைவிட நல்ல மருந்து இல்லை.

கெடுதலும் உண்டு. சிறு விமானத்தில் பார்வை பெரும்பாலும் வெளியே, தொடுவானத்தில் இருக்க வேண்டும். திரையில் பழகியவர்கள் கருவிகளையே வெறித்துப் பார்ப்பார்கள். விமானப் பள்ளியில் இன்ஸ்ட்ரக்டர் காகிதத்தை வைத்துக் கருவிகளை மறைத்தால்தான் தலை நிமிரும். ஜாய்ஸ்டிக்கில் காற்றின் அழுத்தம் கைக்குத் தெரியாது, ஆகவே அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டிரிம் எதற்கென்றே புரியாது. காலுக்கு வேலையே இருக்காது. அப்புறம், நினைத்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் அந்த ‘பாஸ்’ (pause) பொத்தான்.

தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: ஏ320-ஐ விட்டுவிட்டு சிறு விமானமான செஸ்னா 172-ஐ எடுங்கள். ஆட்டோ பைலட்டைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு விமான நிலையத்தில் ஏறி, ஆயிரம் அடியில் ஒரு செவ்வகச் சுற்று வந்து, அங்கேயே இறங்குங்கள். உயரம் நூறு அடிகூட ஏறி இறங்காமல், கடைசி நேர்கோட்டில் வேகம் 65 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவில் நிற்கும் வரை இதையே செய்யுங்கள். சலித்துப் போகும். சலிக்காமல் இருந்தால் உங்களுக்கு இந்தக் கிறுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பக்கக் காற்றை 10 நாட் வைத்து மறுபடி முதலிலிருந்து.

இதைத் தொழிலாக்கும் எண்ணம் இருந்தால், யோக்கும் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) பெடலும் வாங்கப் பணத்தைக் கொட்டும் முன் மருத்துவத் தகுதியைப் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, அப்புறம் முதல் வகுப்பு. கண்ணோ காதோ இதயமோ தடையாக இருந்தால் அது இப்போதே தெரிவது நல்லது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு வீட்டுக் கடன் அளவு. அதில் இறங்கும் முன் ஏதாவது ஒரு பறப்புப் பள்ளியில் அரை மணி நேர அறிமுகப் பறப்புக்குப் பணம் கட்டி ஏறிப் பாருங்கள். மே மாத மதிய வெயிலில் ஏறினால் இன்னும் நல்லது. சூடான காற்று தூக்கித் தூக்கிப் போடும்போது வயிறு என்ன சொல்கிறது என்பதை வீட்டு மேசை காட்டாது.